ஈஸ்ட் லண்டனில் என் பக்கம் உட்கார்ந்தவர்கள்

எனக்கு வாய் கொஞ்சம் அதிகம். ஊர்ப் பெருமை அதைவிட அதிகம். பெங்களூர்க்காரன் எவனாவது "ஓசூரா, பார்டர்ல இருக்குமே" என்று இழுத்தால், அவன் ஏறி வந்த வண்டியில் எந்தெந்தப் பாகம் எங்கள் ஊரில் அடித்தது என்று பட்டியல் போடாமல் விடமாட்டேன். முனிராஜ் வாயைக் கிளறாதீர்கள் என்று எங்கள் பிரஸ் ஷாப்பில் சொல்வார்கள். இந்தக் கட்டுரையையும் பெருமை பேசத்தான் எழுதுகிறேன். ஆனால் நடுவில் வெட்கப்பட வேண்டிய இடம் ஒன்று இருக்கிறது, அதைத் தாண்டித்தான் போக வேண்டும்.

எங்கள் கம்பெனியிலிருந்து தென்னாப்பிரிக்காவில் ஒரு தொழிற்சாலைக்கு தகட்டை அழுத்திப் பாகம் அடிக்கிற பிரஸ் மெஷின் ஒன்று போயிருந்தது. அதைப் பூட்டி, ஓட்டிக் காட்டி, அங்கிருப்பவர்களுக்குப் பழக்கிவிட்டு வர வேண்டும். பன்னிரண்டு நாள் வேலை. ஊர் பெயர் ஈஸ்ட் லண்டன். மூக்கண்டப்பள்ளியில் நாங்கள் குடியிருக்கும் லைன் வீடுகளில் நான் லண்டன் போகிறேன் என்றே பேச்சு பரவிவிட்டது. என் மனைவி மஞ்சுளா மட்டும் போனில் மேப்பைத் திறந்து பார்த்துவிட்டு, "ஆப்பிரிக்காவுக்கு அடியில கோடியில கெடக்குது, இதுக்கு லண்டன்னு பேரு" என்று சிரித்தாள். நான் யாரையும் திருத்தப் போகவில்லை. லண்டனாகவே இருந்துவிட்டுப் போகட்டும்.

பஸ் ஸ்டாண்ட் வரை பைக்கில் கொண்டுவந்து விட்டவன் திம்மராயன். என்னோடு ஐ.டி.ஐ. படித்தவன், எங்கள் ஷாப்பிலேயே ஃபிட்டர். "ஓசூர் ஸ்பீடு இன்னான்னு காட்டிட்டு வாடா" என்று முதுகில் தட்டி அனுப்பினான்.

முதல் நாளே எனக்கு எரிச்சல். எங்கள் ஊரில் கார்டைத் தேய்த்துவிட்டு உள்ளே போனால் நேரே மெஷின்தான். அங்கே ஷிஃப்டுக்கு வருகிற ஒவ்வொருவரும் மற்ற ஒவ்வொருவரிடமும் நின்று பேசுகிறார்கள். தூங்கினாயா, வீட்டில் எப்படி, அம்மா காலுக்கு இப்போது பரவாயில்லையா. கோசா மொழியில் ஒரு வணக்கம், "மோல்வேனி". அதை நான் சொல்லாமல் டூல் பாக்ஸைத் திறந்தேன். ஷிஃப்ட் லீடர் நோம்வூலா, நாற்பது நாற்பத்தைந்து வயதுப் பெண்மணி, பெட்டியை மெதுவாக மூடிவிட்டு என் முன்னால் நின்றார். வணக்கம் சொன்ன பிறகுதான் மறுபடி திறக்க விட்டார். பெண்களை சிசி என்றும் ஆண்களை பூட்டி என்றும் கூப்பிட வேண்டுமாம். அக்கா, அண்ணன். அது எனக்கு வாயில் வருகிற விஷயம்தான்.

சாப்பாட்டில் எனக்கு ஒரு கஷ்டமும் இல்லை. மக்காச்சோள மாவை உதிரி உதிரியாகக் கிண்டி, மேலே புளித்த பாலை ஊற்றித் தருகிறார்கள். கேன்டீனில் எல்லோரும் நான் முகம் சுளிக்கப் போகிறேன் என்று காத்திருந்தார்கள். கேழ்வரகுக் களியைக் கரைத்து மோர் விட்டுக் குடித்து வளர்ந்த கிருஷ்ணகிரி மாவட்டத்துக்காரனிடமா இந்த வேலை! இரண்டாம் முறை வாங்கிச் சாப்பிட்டேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன் சிரித்துக்கொண்டே தன் தட்டிலிருந்தும் ஒரு கரண்டி எடுத்துப் போட்டான். அவன்தான் வுயோ. என் வயதுதான் இருக்கும், முப்பத்தைந்து. நான் கொண்டுவந்த மெஷினை ஓட்டப் போகிறவன் அவனே. ஒப்பந்தத் தொழிலாளி, மூன்று மாதத்துக்கு ஒருமுறை புதுப்பிப்பார்கள். வீட்டில் அம்மாவும் பள்ளிக்குப் போகும் மகளும்.

இரண்டாம் நாள் தங்கும் இடத்திலிருந்து மினிபஸ்ஸில் போனேன். எங்கள் ஷேர் ஆட்டோவின் அண்ணன் அது. பாதி வழியில் தள்ளுகதவு கழன்று கையோடு வந்துவிட்டது. டிரைவர் வண்டியை நிறுத்தவே இல்லை. ஜன்னலோரம் இருந்த இரண்டு பேர் கதவை உள்பக்கமாகப் பிடித்துக்கொண்டார்கள், மூன்றாவதாக என்னையும் பிடிக்கச் சொன்னார்கள். தொழிற்சாலை வாசலில் இறங்கும்போது என் இடத்தில் இன்னொருவர் வந்து பிடித்துக்கொண்டார். பாகலூர் ரோட்டில் இப்படி ஒரு வண்டி ஓடினால் நாமும் இதைத்தான் செய்வோம் என்று நினைத்துக்கொண்டேன்.

மூன்றாம் நாள் மெஷின் ஓடியது. ஆனால் மெதுவாக. இந்த மெஷினுக்கு முன்னால் ஒரு கதவு உண்டு. கதவில் ஒரு சென்சார். கதவு மூடியிருந்தால்தான் பிரஸ் இறங்கும், திறந்தால் நின்றுவிடும். கை மாட்டக் கூடாது என்பதற்கான ஏற்பாடு. ஒவ்வொரு பீஸுக்கும் திறந்து மூடினால் நேரம் போகும். இதற்கு எங்கள் ஊரில் ஒரு வித்தை வைத்திருக்கிறோம். பழைய ஸ்பீக்கரைப் பிரித்து அதிலிருக்கும் காந்தத்தில் ஒரு சில்லு எடுத்து, சென்சார் மேல் வைத்து டேப் சுற்றிவிட வேண்டியதுதான். கதவு மூடியிருக்கிறது என்று மெஷின் நம்பிவிடும். ஆடிட் வருகிற அன்று எடுத்துவிடுவோம். இதை நாங்கள் தப்பு என்றே நினைத்ததில்லை. கெட்டிக்காரத்தனம் என்று நினைத்தோம். என் டூல் பாக்ஸில் அந்தச் சில்லு எப்போதும் இருக்கும்.

ஒட்டினேன். இது பரவாயில்லையா என்று வுயோ கேட்டான். எங்கள் ஊரில் எல்லோரும் இப்படித்தான் ஓட்டுகிறோம் என்றேன். அன்று சாயங்காலம் அவர்கள் இதுவரை பார்க்காத எண்ணிக்கை வந்தது. அங்கத்திய மேனேஜர் என் கையைக் குலுக்கினார். எனக்குத் தலைகால் புரியவில்லை. திம்மராயனுக்கு கட்டைவிரல் தூக்கிக் காட்டி ஒரு போட்டோ அனுப்பினேன்.

நான்காம் நாள் காலை பதினொரு மணிக்கு ஒரு பீஸ் சிக்கிக்கொண்டது. வுயோ அதை எடுக்கக் கையை விட்டான். கதவு திறந்திருந்தது. பிரஸ் இறங்கியது.

இரண்டு விரல், நடுவிரலும் மோதிர விரலும், பாதிக்கு மேல் போய்விட்டன. எல்லோரும் அவனிடம் ஓடினார்கள். நோம்வூலா தன் தலைத்துணியை அவிழ்த்து அவன் கையைச் சுற்றினார். ஆம்புலன்ஸ் வந்தது. பாதுகாப்பு அதிகாரி வந்து மெஷினைப் பார்த்தபோது சென்சார் மேல் ஒன்றும் இல்லை. சில்லு என் பேன்ட் பாக்கெட்டில் இருந்தது.

என்ன நடந்தது என்று கேட்டார். பீஸ் சிக்கியது, கையை விட்டான் என்றேன். பொய் ஒன்றும் இல்லையே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மறுநாள் ரிப்போர்ட் ஒட்டினார்கள். இயக்குபவரின் கவனக்குறைவு. அப்படி எழுதிவிட்டால் ஒப்பந்தம் புதுப்பிக்க மாட்டார்கள் என்று கேன்டீனில் பேசிக்கொண்டார்கள். விரலும் போய் வேலையும் போய், கவனமில்லாதவன் என்ற பெயரும் கூட. வேறு எந்தத் தொழிற்சாலையிலும் இனி அவனைச் சேர்க்க மாட்டார்களாம்.

ஓசூருக்கு, எங்கள் மேனேஜருக்குப் போன் போட்டு உண்மையைச் சொன்னேன். "முனிராஜு, அவங்களே எழுதிட்டாங்க இல்ல? நீ வாயத் தொறக்காத. வேலய முடிச்சிட்டு ஃப்ளைட் ஏறு" என்றார். ஊருக்கு வந்தால் டீம் லீடர் ஆக்குவதாகப் பேச்சு இருந்ததையும் ஞாபகப்படுத்தினார். சரிங்க சார் என்று வைத்துவிட்டேன். அன்றைக்கு அந்த மோர்க்களி எனக்கு இறங்கவில்லை.

ஐந்தாம் நாள் சாயங்காலம் நோம்வூலா என் பக்கத்தில் வந்து நின்றார். வுயோ வீட்டுக்கு வந்துவிட்டான், நாளை சனிக்கிழமை எல்லோரும் அவன் வீட்டில் உட்காருகிறோம், நீயும் வா என்றார். எதற்கு என்று கேட்டேன். வா என்றார்.

பஞ்சாயத்துதான் என்று புரிந்தது. எனக்குத் தெரிந்த பஞ்சாயத்து ஒன்றுதான். தொரப்பள்ளிப் பக்கம் நான் பிறந்த ஊரில் நிலத்துக்காரர்கள் மேலே உட்காருவார்கள். கூலி வேலை செய்த எங்கள் ஆட்கள் கீழே, தள்ளி, துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும். என் அப்பாவை ஒருமுறை மாடு மேய்ந்த தகராறில் அப்படி நிறுத்தினார்கள். அவரை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அபராதம் கோயிலுக்குப் போயிற்று, பயிர் போனவனுக்கும் ஒன்றும் கிடைக்கவில்லை. ஆகவே ஈஸ்ட் லண்டனிலும் ஒரு ஓரத்தில் நிற்க என்னைத் தயார் செய்துகொண்டேன்.

மினிபஸ்ஸில் போகும்போது நோம்வூலா பேசிக்கொண்டே வந்தார். உபுண்டு என்று ஒரு சொல் இருக்கிறதாம், மற்றவர்கள் இருப்பதால்தான் ஒருவன் மனிதன் என்று பொருளாம். பனியனில் எல்லாம் அச்சடித்து விற்கிறார்கள், அதைப் பார்த்து ஏமாந்துவிடாதே என்றார். "ஒருத்தன் கை நசுங்கினால் எங்கள் எல்லோருக்கும்தான் அடி. நசுக்கக் காரணமானவனும் எங்களுக்குள் இருக்கிறவன்தான், அவனைத் தூக்கி வெளியே எறிந்தால் விரல் முளைக்கப் போகிறதா? ஆபீசில் யார் தப்பு என்று எழுதிப் பேப்பரை மூடிவிட்டார்கள். நாங்கள் எது உடைந்தது, யார் அதைச் சரிசெய்யப் போகிறார்கள் என்று கேட்போம். முடிகிற வரைக்கும் எழுந்திருக்க மாட்டோம்." கொஞ்சம் கழித்து இன்னொன்றும் சொன்னார். "எங்கள் நாட்டில் வெள்ளையர் ஆட்சி முடிந்த பிறகு நடந்த விசாரணையில் மன்னிப்பை மலிவாக வாங்கிக்கொண்டு போன பெரிய மனிதர்களும் உண்டு. உண்மையைச் சொன்னார்கள், ஒன்றையும் சரிசெய்யவில்லை. அதையும் பார்த்துவிட்டோம்."

சின்ன வீடு, தகரக் கூரை. முற்றத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகள், சர்ச்சிலிருந்து கொண்டுவந்த பெஞ்சுகள், எல்லாம் வட்டமாக. ஐம்பது பேர் இருப்பார்கள். அண்டை வீட்டார், தொழிற்சாலை ஆட்கள், வுயோவின் அம்மா, மாமன்கள். வுயோ கட்டுப்போட்ட கையை நெஞ்சோடு அணைத்து உட்கார்ந்திருந்தான். நான் வாசலோரம் நின்றேன். ஒரு பெரியவர் எனக்கும் அதே மாதிரி ஒரு நாற்காலியைக் காட்டினார். உட்கார்ந்தேன்.

அவர்தான் வுயோவின் தாய்மாமன். முதல் கேள்வி என்னைத்தான் கேட்டார், நோம்வூலா ஆங்கிலத்தில் சொன்னார். "உன்னோடு யார் வந்திருக்கிறார்கள்?"

யாரும் இல்லை, தனியாகத்தான் வந்தேன் என்றேன். வட்டத்தில் ஒரு முணுமுணுப்பு. இது நடக்காது என்று மாமன் தலையாட்டினார். இப்படிப்பட்ட இடத்தில் யாரும் தனியாக உட்காரக் கூடாதாம். அவன் சொல்வதைக் கேட்கவும், அவன் கொடுக்கும் வாக்குக்குப் பின்னால் நிற்கவும் அவன் பக்கம் ஆட்கள் வேண்டும். கூட்டத்தில் பார்வை சுற்றியது. எங்களைக் கொண்டுவந்து விட்ட மினிபஸ் டிரைவர் எழுந்து வந்து என் வலப்பக்கம் உட்கார்ந்தார். எதிர்வீட்டு அம்மாள் ஒருவர் தன் நாற்காலியை இழுத்துக்கொண்டு வந்து இடப்பக்கம் போட்டார். என் பெயர்கூட அவர்களுக்குத் தெரியாது. ஓசூரில் என் மேனேஜர் பேசாதே என்றுதான் சொல்லியிருந்தார்.

ஒவ்வொருவராகப் பேசினார்கள். குற்றம் சாட்டவில்லை. வுயோவின் அம்மா, மகன் இப்போது சட்டைப் பொத்தான் போடத் தன்னைக் கூப்பிடுகிறான் என்றார். மகளின் தலையை அவன்தான் தினமும் பின்னிவிடுவானாம். கடைசியில் வுயோ என்னைப் பார்த்தான்.

"நான் கத்தினபோது எல்லோரும் என்கிட்ட ஓடி வந்தார்கள். நீ மட்டும் மெஷின்கிட்ட போனாய். நான் பார்த்தேன். எதற்குப் போனாய்?"

இதுவரை யாரும் என்னை இந்தக் கேள்வி கேட்கவில்லை. இதற்கு மட்டும் பாதி உண்மை சொல்ல வழியே இல்லை. இடப்பக்கம் இருந்த அம்மாள் என் முழங்கை மேல் கையை வைத்தார்.

"காந்தத்தை எடுக்க" என்றேன். பாக்கெட்டிலிருந்து எடுத்து வட்டத்தின் நடுவில் வைத்தேன். அப்புறம் எல்லாவற்றையும் சொன்னேன், போட்டோ அனுப்பியது வரைக்கும். ஆங்கிலம் தடுமாறியபோது தமிழிலும் சொன்னேன். அழுதேன், அதை மறைக்க ஒன்றும் இல்லை.

அடிப்பார்கள் என்று நினைத்தேன். மாமன், இனி என்ன செய்வது என்று பேச ஆரம்பித்தார். மதியம் வரை நடந்தது. மூன்று காரியம் சொன்னார்கள். தொழிற்சாலையில் போய் ரிப்போர்ட்டை மாற்ற வைக்க வேண்டும். மிச்சமிருக்கும் நாட்களில் மெஷினைப் பூட்டுவது, அளவு வைப்பது எல்லாவற்றையும் வுயோவுக்குக் கற்றுத்தர வேண்டும், அதற்கு எட்டு விரல் போதும். மூன்றாவதை வுயோ கேட்டான். "இதை எங்கே கற்றுக்கொண்டாயோ அங்கே போய்ச் சொல். அதுவரை இது முடியவில்லை." சம்மதமா என்று என்னைக் கேட்டார்கள். என் பக்கம் இருந்த இருவரையும்கூடக் கேட்டார்கள். மினிபஸ் டிரைவர் எனக்காகச் சரி சொன்னார்.

திங்கட்கிழமை மேனேஜர் அறைக்கு நான் போகும்போது நோம்வூலாவும் ஷிஃப்டில் பாதிப் பேரும் பின்னால் வந்தார்கள். மேனேஜர் முகம் சிவந்தது, ஓசூருக்கு மெயில் பறந்தது. ஆனால் பழைய தாளைக் கிழித்துவிட்டுப் புதுத் தாள் ஒட்டினார்கள். வுயோவின் பெயர் அதில் சுத்தமாக இருந்தது. கை ஆறியதும் மெஷினுக்கு அளவு வைக்கிற செட்டராக எடுத்துக்கொள்வதாக எழுதிக் கொடுத்தார்கள். மீதி நாட்கள் அவன் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டே இருந்தான், நான் காட்டிக்கொண்டே இருந்தேன். மன்னித்துவிட்டேன் என்று அவன் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. கிளம்புகிற அன்று தன் தட்டிலிருந்து ஒரு கரண்டி எடுத்து என் தட்டில் போட்டான்.

ஓசூரில் இறங்கியதும் மெமோ தயாராக இருந்தது. டீம் லீடர் பேச்சு போயே போய்விட்டது. மஞ்சுளா மெமோவைப் படித்துவிட்டு, "போனா போவுது. சொன்னியே, அது போதும்" என்று மடித்து வைத்துவிட்டாள். ஷிஃப்ட் மீட்டிங்கில் ஐந்து நிமிஷம் பேச மேனேஜரிடம் அனுமதி கேட்டேன். கம்பெனி மானத்தை வாங்காதே என்று விரட்டினார். எனவே காலை டீ நேரத்தில், கேன்டீனில் பெஞ்சு மேல் ஏறி நின்றேன்.

எங்கள் ஷாப்பில் தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் ஓடும். மூன்றிலும் மாற்றி மாற்றிச் சொன்னேன். முதலில் லண்டன் கதை என்று சிரித்துக்கொண்டு கேட்டார்கள். காந்தம் என்றதும் சிரிப்பு நின்றது. அவன் கத்தும்போது நான் மெஷினிடம் ஓடியதையும், வட்டத்தில் இரண்டு பேர் என் பக்கம் வந்து உட்கார்ந்ததையும் சொன்னேன்.

சொல்லி முடித்து இறங்கப் போனேன். பின்வரிசையில் சரோஜாக்கா எழுந்தார். இரண்டு வருஷத்துக்கு முன் நாலாம் நம்பர் பிரஸ்ஸில் அவருக்கு வலக்கை ஆள்காட்டி விரல் போயிற்று. பேக்கிங்குக்கு மாற்றிவிட்டார்கள். அவர் ஃபைலிலும் கவனக்குறைவு என்றுதான் எழுதியிருந்தது. கவனமில்லாதவள் என்று அவர் வீட்டுக்காரரே சொல்லிக்காட்டுவாராம், கரண்டி கைதவறி விழுந்தால்கூட.

"முனிராஜு, அந்தூர்ல ஒருத்தன் கேட்டான், நீ சொன்ன. நான் யார கேக்கறது? அன்னிக்கி கதவு தொறந்துதான் இருந்துச்சு. நான் சொன்னேன், யாரும் நம்பல."

டீ நேரம் முடிந்து சைரன் ஊதியது. ஒருவரும் நகரவில்லை.

என் பக்கத்தில் பெஞ்சு கிறீச்சிட்டது. திம்மராயன் எழுந்தான். எதற்கும் கிண்டல் பேசுகிறவன், அன்றைக்குச் சரோஜாக்காவை நேராகப் பார்த்தான்.

"நான்தான்க்கா ஒட்டுனன். நீ மயக்கம் போட்டு வுழுந்தப்ப நான்தான் பிச்சி எடுத்தன்."

சரோஜாக்கா திட்டுவார் என்று நினைத்தேன். அவர் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"என்கிட்ட சொன்னது போதாது. ஞாயித்துக்கெழம வூட்டுக்கு வா. எங்க வூட்டுக்காரர் இருப்பாரு, மாமியா இருப்பாங்க, பசங்க இருப்பாங்க. அவங்க எதுர்ல சொல்லு. ஃபைல எப்பிடி மாத்தறதுன்னு அங்கயே பேசலாம்."

"வரேன்க்கா."

ஓசூரைப் பற்றி நான் பீற்றிக்கொண்டதெல்லாம் அதுவரை வண்டிக் கணக்கும் ஸ்பீடும்தான். அந்தப் பெஞ்சு பக்கத்தில் நின்ற என் நண்பனைப் பார்த்தபோது வந்த பெருமை எனக்குப் புதுசு. அதைப் பேசிக் காட்ட எனக்கு வாய் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை திம்மராயனைக் கூட்டிக்கொண்டு மூக்கண்டப்பள்ளி பஸ் ஸ்டாப்புக்குப் போனேன். அவனோடு நான் ஒருவனாவது போக வேண்டும் என்று. அங்கே எங்கள் ஷிஃப்ட் நின்றுகொண்டிருந்தது. கம்பெனி சட்டை போட்டு, தலை வாரி, சிலர் மனைவியோடு. நான் யாரையும் கூப்பிடவில்லை. திம்மராயன் அவர்களைப் பார்த்துவிட்டு நடுரோட்டில் நின்றுவிட்டான்.

"வாடா, நேரமாவுது" என்றார்கள். ஷேர் ஆட்டோ நாலு பிடித்தோம், அப்படியும் ஆறு பேர் பைக்கில் வர வேண்டியிருந்தது.